மாப்பிள்ளை காருக்கு ஏற்ற பேட்டரி

“மாப்பிள்ளை மாலையும் கழுத்துமா எறங்கி, அவரே காரைத் தள்ளிக்கினு வந்தாராம்டீ!”

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது இது. இரண்டு பேரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்கு வந்த முதல் யோசனை, ‘அந்தக் காரில் என்ன பேட்டரி போட்டிருப்பார்கள்?’ என்பதுதான். தொழில் அப்படி.

பேட்டரிக் கடைக்குச் சிரித்த முகத்தோடு வருகிறவர் கிடையாது. காலையில் குளித்து, சாப்பிட்டு, சாவியைத் திருப்பினால் வண்டி ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம் போட்டிருக்கும். அதற்கப்புறம் எத்தனை முறை திருப்பினாலும் அதே ‘டிக்’தான். அந்த ‘டிக்’கை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரரைத் தள்ளச் சொல்லிக் கூப்பிட்டிருப்பீர்கள். அவர் தள்ளிக்கொண்டே, “போன மாசமே சொன்னேனே சார்” என்றிருப்பார். ஆகவே நாம் எல்லோரும் ஒரே சாதி. நான் மட்டும் அந்த முகங்களைத் தினமும் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன்.

இயற்பியல் படித்தேன். அதிகம் பேசத் தேவையில்லாத வேலையாகத் தேடி, திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் இந்தக் கடையில் சேர்ந்தேன். பேட்டரி பேசாது என்பது சரிதான். அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பேசுவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. முதலாளி பெரும்பாலும் விழுப்புரம் கடையில் இருப்பார். இங்கே நானும், பேட்டரி மாட்டுகிற குமார் அண்ணனும்தான். அண்ணனுக்கு ஐம்பது வயது. எனக்காகவும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

ஓடிக்கொண்டே வந்த கார்

பஸ்ஸில் சிரித்த அதே வாரம், அந்தக் கார் எங்கள் கடைக்கு வந்தது. வந்து நிற்பதற்கு முன்பே தெருவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். சிவப்பு நிறம். கூரை இல்லை. இரண்டே சீட்டு. தரையோடு ஒட்டிப் படுத்திருந்த ஸ்போர்ட்ஸ் கார். புதுச்சேரியில் இருந்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனதாம். வாங்கியவர் கோலியனூர் சூசைராஜ். கல்யாண வண்டி ஓட்டியே பழகியவர். மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் காரில் பூ ஒட்டிக்கொண்டு போன காலம் மலையேறிவிட்டது, இனிமேல் பையன்கள் எல்லாம் கூரை இல்லாத காரில்தான் ஊர்வலம் போவார்கள் என்று கணக்குப் போட்டு, வேன் ஓட்டிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு இதை வாங்கியிருந்தார்.

கணக்கு சரிதான். கார்தான் காலை வாரியது. வைகாசியில் ஒரு ஊர்வலத்தில் நின்றது. ஆனியில் இன்னொரு ஊர்வலத்தில் நின்றது. ஊர்வலத்தில் மாப்பிள்ளை கார் நிற்பது என்றால் என்னவென்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேளம் நிற்கும். பெண் வீட்டுப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒருவர் ‘சகுனம்’ என்று ஆரம்பிப்பார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் கூட்டேரிப்பட்டில் ஒரு கல்யாணம் பேசியிருந்தார்கள். அங்கேயும் நின்றால், காரைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருக்கும் சென்னைப் பார்ட்டி ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மறுபடியும் வேன் ஓட்டப் போய்விடுவதாகச் சூசை அண்ணன் முடிவு பண்ணியிருந்தார். இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது கவுன்ட்டரில் நின்று. கார் அந்த நேரம் முழுக்க வெளியே உறுமிக்கொண்டே இருந்தது.

குமார் அண்ணன் வெளியே கை காட்டி, “மொதல்ல வண்டிய ஆஃப் பண்ணுங்க, பாக்கலாம்” என்றார். சூசை அண்ணன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். இன்ஜினை அணைப்பதே இல்லையாம். டீக்கடையிலும் ஓடும். பெட்ரோல் பங்கில் மட்டும் அணைப்பாராம், அதுவும் சரிவாக இருக்கிற பங்காகப் பார்த்து. வீட்டுக்குப் போனால் ஏரிக்கரை மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு நடந்து போவாராம், காலையில் உருட்டிவிட்டால் கிளம்பிவிடும் என்று.

“அணைச்சா அது தூங்கிடும்மா. அப்பறம் எழுப்பறதுக்கு நாலு ஆளு வேணும், நாலு ஆளுக்கும் டீ வேணும்” என்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்தது யார்

இந்த மாதிரிக் கார்களில் பேட்டரி முன்பக்கம் இருக்காது. எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும் என்று டிக்கியில், ஒரு மூலையில், சின்னதாக ஒரு குழியில் வைத்திருப்பார்கள். குழிக்கு ஏற்ற பேட்டரியும் சின்னதுதான். நான் டிக்கியைத் திறக்கப் போனேன். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. மூடாத இடைவெளியை ஒரு பிளாஸ்டிக் மாலையால் மறைத்திருந்தார்கள். உள்ளே ஒரு டிராக்டர் பேட்டரி, நைலான் கயிற்றால் நாலு பக்கமும் கட்டி, குழிக்குமேல் குறுக்காக உட்கார்ந்திருந்தது. மச்சானுடைய டிராக்டரில் இருந்து கழற்றியதாம். “டிராக்டரையே கௌப்புது, இந்த எலிக்குட்டிய கௌப்பாதா?” என்று சூசை அண்ணன் நியாயம் கேட்டார்.

பெரிய பேட்டரி போட்டால் பெரிய பலம் என்று நினைப்பவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். அவர்களிடம் சொல்ல நினைத்து நான் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். பேட்டரி அதன் குழியில் அசையாமல் உட்கார வேண்டும். உட்காராத பேட்டரி குலுங்கிக் குலுங்கியே உள்ளுக்குள் தேய்ந்து போகும். டிக்கிக்குள் வைக்கிற பேட்டரி ஆவி விடாததாக இருக்க வேண்டும். டிராக்டர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது விடுகிற ஆவி வயலில் காற்றோடு போய்விடும். இங்கே அது மாப்பிள்ளையின் பட்டு வேட்டிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது.

ஓடுகிற இன்ஜினிலேயே மீட்டரை வைத்துப் பார்த்தேன். கார் ஒழுங்காகத்தான் சார்ஜ் பண்ணிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஊர்வலத்தில் மட்டும் சார்ஜ் எங்கே போகிறது? இதை மெதுவாகக் குமார் அண்ணனிடம் கேட்டேன். அவர் கயிற்று முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டே சூசை அண்ணனிடம் திரும்பினார்.

“ரெண்டு சீட்டு காருன்னு சொன்னீங்க. மூணாவது ஆள இங்க கட்டி வெச்சிருக்கீங்களே!”

மந்திரித்த தண்ணீர்

டிராக்டர் பேட்டரிக்கு முன்னால் சாதாரணக் கார் பேட்டரி ஒன்று இருந்திருக்கிறது. அது வாங்கிய கொஞ்ச நாளிலேயே ஏன் செத்தது என்று தெரியாமல் புதிது போடுவதில் எனக்கு இஷ்டமில்லை. மறுநாள் சூசை அண்ணன் அந்தப் பழைய பேட்டரியையும், மனைவி லூர்துமேரி அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா கடைக்கு வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். பேட்டரிக் கடைக்குச் சிரித்துக்கொண்டே வந்த முதல் ஆள் அவர்தான்.

பேட்டரியின் மூடிகளைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் அளவு சரியாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு மாதிரிக் கலங்கிப் போயிருந்தது. “தண்ணி யார் ஊத்தனது?” என்று கேட்டேன். நான் கேட்டது எனக்கே காதில் விழவில்லை. அக்காவுக்கு விழுந்துவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்தான் ஊற்றியிருக்கிறார். கோயிலில் பாதர் மந்திரித்துக் கொடுத்த தண்ணீர். வீட்டில் பிள்ளைகள் தலையில், ஆட்டுக் கொட்டகையில், வாசலில் எல்லாம் தெளிப்பது மாதிரி, இதிலும் அறைக்கு ஒரு மூடி.

அந்தத் தண்ணீரில் உப்பு சேர்த்து மந்திரிப்பார்கள். உப்பு பேட்டரிக்கு ஆகாது. பேட்டரிக்கு என்று கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரைத் தவிர வேறு எதுவும் ஆகாது, குழாய்த் தண்ணீர்கூட. இதை அக்காவின் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று நான் கவுன்ட்டரில் இருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். மடிப்பு அதிகமாகிவிட்டது போல. அக்காவே புரிந்துகொண்டார். கணவர் பக்கம் திரும்பாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“தண்ணி ஊத்த ஓட்டையே இல்லாத பேட்டரியா பாத்துக் குடும்மா. ஓட்டைய பாத்தா என் கை சும்மா இருக்காது.”

ரகசியப் பேட்டரி

அக்கா கேட்ட மாதிரியே ஒரு பேட்டரி உண்டு. உள்ளே அமிலம் தண்ணீராக ஆடாமல், கண்ணாடி நார்ப் பஞ்சில் ஊறியிருக்கும். மூடியே கிடையாது. சாய்ந்தாலும் சிந்தாது. டிக்கிக்குள் வைக்கலாம். அந்தக் காருக்கு முதலில் வந்ததும் அந்த வகைதான். ஆனால் திண்டிவனத்தில் யார் அதை வாங்கி அடுக்கி வைப்பார்கள்? சென்னையில் உள்ள மொத்த வியாபாரியிடம் போனில் கேட்க வேண்டும். குமார் அண்ணன் போனை என் பக்கம் தள்ளிவிட்டு, “எனக்கு அளவு கிளவு எல்லாம் சொல்லத் தெரியாது பாப்பா” என்று வெளியே போய்விட்டார். அவருக்கு எல்லாம் தெரியும்.

முதலில் குழியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்தேன். பிளஸ் முனை வலப்பக்கமா இடப்பக்கமா என்று பார்த்தேன். இதைப் பார்க்காமல் வாங்கி, ஒயர் எட்டாமல், பேட்டரியைத் திருப்பி வைத்து, பிளஸ்ஸில் மைனஸை மாட்டிப் புகை வரவழைத்தவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. குளிர்ந்த இன்ஜினை ஒரே தம்மில் சுழற்றுகிற பலம் எவ்வளவு வேண்டும் என்பதைக் காரின் கையேட்டில் இருந்து எடுத்தேன். சொல்ல வேண்டியதை எல்லாம் இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, போன் போட்டேன்.

மறுமுனையில் வேகமான ஒரு குரல். நான் அளவைச் சொன்னேன். “ஆங்?” என்றார். மறுபடி சொன்னேன். “ஆங்?” மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அப்புறம் அவரும் குரலைத் தணித்துக்கொண்டு, யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பது மாதிரி கேட்டார்:

“பேட்டரிதானம்மா வேணும்? அதுக்கு ஏம்மா இவ்ளோ ரகசியம்?”

எல்லா விரதமும் இருக்கும் கார்

பேட்டரி வந்து, குழியில் அளவெடுத்துத் தைத்த சட்டை போல உட்கார்ந்தபோது ஆடி பிறந்துவிட்டது. சூசை அண்ணன் காரை மேம்பாலச் சரிவில் நிறுத்தித்தான் மாட்ட விட்டார். புது பேட்டரி மாட்டியதும், ஒரே திருப்பில் கிளம்பியது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “இன்னிக்கு சரி” என்றார்.

ஆடியில் கல்யாணம் இல்லை. கார் கொட்டகையில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றது. மார்கழியிலும் அப்படியே நிற்குமாம். சரி, வேதக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காவது போகலாமே என்றால், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அங்கேயும் கிடையாது. ஆக, அந்தக் கார் எல்லா மதத்து விரதத்தையும் ஒன்று விடாமல் இருந்துகொண்டிருந்தது. நிற்கிற கார் சும்மா நிற்பதில்லை. கடிகாரம், பூட்டு, அலாரம் என்று சொட்டுச் சொட்டாகப் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே நிற்கும். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் பாதிக் கஷ்டம் ஓட்டும்போது வருவதில்லை, ஓட்டாதபோதுதான் வருகிறது. அதற்கென்றே ஒரு சின்ன சார்ஜர் உண்டு. மாட்டி விட்டுவிட்டால் போதும். பேட்டரி நிறைந்ததும் தானே அடங்கிக்கொள்ளும், குறைந்தால் தானே ஊட்டும். அதைக் கொடுத்து அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து சூசை அண்ணன் போன் பண்ணினார். பேட்டரி பாதியில் நிற்கிறதாம். கொட்டகையில் இருப்பது ஒரே ஒரு பிளக்தான் என்றும், அதில்தான் அக்கா கிரைண்டரை மாட்டுகிறார் என்றும், அக்கா வீட்டு மாவுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே மாவு அரைத்துக் கொடுக்கிறார் என்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. போன் கை மாறியது. அக்கா பேசினார்.

“காரா இட்லியான்னு கேட்டா நான் இட்லின்னுதான்மா சொல்வேன். உங்க அண்ணன இன்னொரு பிளக்கு வெக்கச் சொல்லு, ரெண்டும் ஓடட்டும்.”

குமார் அண்ணனின் இரண்டாவது கல்யாணம்

இன்னொரு பிளக் வைத்தார்கள். பேட்டரி நிறைந்தது. ஆனால் என் பழைய கேள்வி அப்படியே இருந்தது. ஊர்வலத்தில் சார்ஜ் எங்கே போகிறது? நேரில் பார்க்காமல் தெரியாது என்று சொன்னேன். சூசை அண்ணன் உடனே, “அதுக்கென்ன, ஒரு ஊர்வலம் உட்ருவோம்” என்றார். ஆடி கடைசி ஞாயிறு சாயங்காலம், கோலியனூரில், கல்யாணமே இல்லாத ஒரு மாப்பிள்ளை அழைப்பு நடந்தது.

மாப்பிள்ளை வேண்டுமே. குமார் அண்ணனைப் பிடித்து உட்கார வைத்து, அக்கா ஒரு மாலையும் போட்டுவிட்டார். வழக்கமாக வரும் சவுண்டு சர்வீஸ் தம்பி செல்வம் ‘குட்டி யானை’ என்கிற தன் சின்ன சரக்கு வண்டியோடு வந்தான். வழக்கமாக என்ன செய்வாயோ அதையே செய் என்றேன். அவன் நேராக டிக்கியைத் திறந்தான். கார் முழுக்கச் சுற்றிய சீரியல் விளக்கு, மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் மின்சார மயில், புகை விடும் மெஷின், இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ், எல்லாவற்றின் ஒயரையும் கார் பேட்டரியிலேயே கடித்துப் பிடிக்கிற மாதிரி மாட்டினான். நான் மீட்டரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். ஊர்வலம் ஆமை வேகம். இன்ஜின் அந்த வேகத்தில் கொஞ்சம்தான் சம்பாதிக்கும். மயில் தோகை விரிக்க விரிக்க, மீட்டரில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. அந்த நிலையில் தெரியாமல் கிளட்ச்சை விட்டு இன்ஜின் அணைந்தால், திரும்ப எழுப்பப் பேட்டரியில் எதுவும் மிச்சம் இருக்காது. வைகாசியில் நடந்தது அதுதான். ஆனியிலும் அதுவேதான். “மயில கழட்டு” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. செல்வம் உடனே கழற்றினான். எண் நின்றது. மற்றதையும் கழற்றினான். எண் ஏறியது.

முடிவு சுலபமாக இருந்தது. மயிலுக்கும் பாட்டுக்கும் தனிப் பேட்டரி. வீடுகளில் இன்வர்ட்டருக்கு வைக்கிற பெரியது. அது செல்வத்தின் வண்டியில் பின்னால் வரட்டும், மயிலும் அதிலேயே நிற்கட்டும். கார் பேட்டரி காரை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருக்கும்போது தெருவே கூடிவிட்டது. பிள்ளைகள் காருக்கு முன்னால் ஆட ஆரம்பித்திருந்தார்கள். வேலை முடிந்து அந்த வழியாக வந்த ஒரு அம்மா, தலையில் இருந்த புல்லுக்கட்டை இறக்காமலேயே நின்று மாலையும் கழுத்துமாக இருந்த குமார் அண்ணனைப் பார்த்தார். அண்ணனுடைய நரைத்த மீசையையும் பார்த்தார். கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினார்.

“லேட்டானா இன்னா நைனா, நல்லபடியா ஆவுதே, அது போதும். சந்தோசமா இரு.”

கூட்டேரிப்பட்டு

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய சாயங்காலம். நானும் வர வேண்டும் என்று சூசை அண்ணன் ஒரே பிடிவாதம். காரில் இடம் இல்லை. குட்டி யானையில், இன்வர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில், லூர்துமேரி அக்காவோடு உட்கார்ந்தேன். அக்கா கைப்பையில் ஒரு சின்ன பாட்டில் இருந்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். “மூடிதான் இல்லியே, மேலாக்க லேசா தெளிச்சேன்” என்றார். பேட்டரி மேல் படாமல் டிக்கி மூடியின் மேல் தெளித்திருந்தார். அதனால் ஒன்றும் இல்லை.

பிள்ளையார் கோயிலில் இருந்து கிளம்பினோம். மாப்பிள்ளை சீட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். வெட்கத்தில் சிவந்த அவன் முகமும் காரும் ஒரே நிறம். முன்னால் மேளம். பின்னால் எங்கள் பாட்டு. மயில் தோகை விரித்து விரித்து மூடியது, எங்கள் பேட்டரியில். சூசை அண்ணன் நேராக உட்கார்ந்து ஓட்டினார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது பின்னாலிருந்தே தெரிந்தது. பெண்ணின் மாமா ஒருவர் காருக்குப் பக்கத்திலேயே நடந்தார். ஆனியில் நின்ற கார் இதுதான் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் ஊர்வலத்தைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

நாலு ரோடு சேரும் இடத்துக்கு வந்தோம். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், பரோட்டாக் கடையில் சாப்பிடுபவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் குஷி ஆகிவிட்டார்கள். ஒருவன் பின்பக்கமாகவே ஆடிக்கொண்டு வந்து, அப்படியே காரின் மூக்கில் மல்லாந்து விழுந்தான். சூசை அண்ணன் பிரேக்கை அழுத்தினார். கிளட்ச்சை மறந்துவிட்டார். கார் ஒரு குலுக்கு குலுக்கி, அணைந்தது.

மேளம் நின்றது. செல்வம் பதறிப்போய்ப் பாட்டையும் நிறுத்திவிட்டான். மாமா சக்கரத்தில் இருந்து கண்ணை எடுத்து, சூசை அண்ணனைப் பார்த்தார். அதற்குள் நாலு பையன்கள், யாரும் சொல்லாமலேயே, காருக்குப் பின்னால் வந்து டிக்கியில் கை வைத்துவிட்டார்கள். சூசை அண்ணன் சாவியில் கை வைத்தார். திருப்பவில்லை. கழுத்தை வளைத்து எங்கள் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுற்றிலும் அவ்வளவு பேர். அக்கா என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார்.

“திருப்புங்கண்ணா!” என்று கத்தினேன். என் குரல் பரோட்டாக் கடை வரை போனது.

திருப்பினார். ‘டிக்’ என்ற பேச்சே இல்லை. ஒரே உறுமல். கார் சட்டென்று முன்னால் நகர, தள்ளுவதற்காக முழு பலத்தோடு சாய்ந்திருந்த நாலு பையன்களும் ஒருவர்மேல் ஒருவராக ரோட்டில் விழுந்தார்கள். சிரிப்பு எங்கிருந்து ஆரம்பித்தது என்று தெரியவில்லை. மாப்பிள்ளை சிரித்தான். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாயனக்காரர் வாசிக்க வாயில் வைத்த நாயனத்தை எடுத்துவிட்டுச் சிரித்தார். விழுந்ததில் அடியில் கிடந்த பையன் சட்டையைத் தட்டிக்கொண்டே எழுந்து, போகிற காரைப் பார்த்துக் கத்தினான்:

“ண்ணோவ், ஒரு வாட்டியாவது தள்ள உட்டிருக்கக் கூடாதா? போட்டோக்காரன் ரெடியா இருந்தாண்ணா!”

மண்டப வாசலில்

மண்டபத்தில் மாப்பிள்ளையை ஆரத்தி எடுத்து இறக்கிக்கொண்டு போனார்கள். மாமா திரும்பி வந்து, தை மாதத்தில் தன் மகனுக்கும் கல்யாணம் இருக்கிறது என்றும், இதே கார்தான் வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். சூசை அண்ணன் தலையாட்டினார். ஆனால் காரை விட்டு இறங்கவில்லை. மண்டப வாசல் சமதரை. சரிவு எதுவும் பக்கத்தில் இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

பந்தி ஆரம்பித்துவிட்டதாக உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். “நீங்க போய் சாப்புடுங்க, நான் வண்டில இருக்கேன். ஒரு எலைய மடிச்சிக் கொண்டாந்து குடுங்க” என்றார். செல்வம் போனான். குமார் அண்ணன் போனார். நானும் அக்காவும் நின்றோம். அக்கா காரின் கதவில் சாய்ந்துகொண்டு, பையில் இருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

அப்போது அண்ணனின் போன் அடித்தது. சென்னைப் பார்ட்டி. இன்றைக்கு முடிவு சொல்வதாக அண்ணன்தான் சொல்லியிருந்தாராம். போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது அடித்து அடித்து ஓய்ந்தது.

“பாயசம் தீந்துடும்” என்றார் அக்கா.

சூசை அண்ணன் சாவியை இடப்பக்கமாகத் திருப்பினார். இன்ஜின் அணைந்தது. மயிலும் பாட்டும் ஏற்கெனவே நின்றிருந்ததால், உள்ளே இலை போடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அவர் சாவியை உருவி, சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் பந்திக்கு நடந்தார்.